ஒரு முழம்

சோஹார். ஆகஸ்ட்.
வெளியே நண்பகல் வேலைத் தடை.
உள்ளே எல்.வி. அறைக் குளிரில்
ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
ஸ்பிரிட் தோய்த்த துணியால் கதவைத் துடைத்து,
பின்தாளை உரித்து,
மூலையிலிருந்து கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போகவேண்டும்.
குமிழ் விழக்கூடாது.
நாற்பத்தாறு பேனல்.

ஆரஞ்சுப் பட்டை. மேலே அரபி, கீழே ஆங்கிலம்.
பெரும்பாலும் சின்ன எண்கள்:
இரண்டு, நாலு, ஒன்று புள்ளி ஒன்பது.
சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி.
பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கிற கலோரியா
என்று ஹாஸெமைக் கேட்டேன்.
கணக்குப் போட்டவர் அவர்.
சிரிக்கவில்லை.
"ஒன்று புள்ளி இரண்டு போதும்
தோல் கொப்பளிக்க."

பன்னிரண்டாவது,
டிரான்ஸ்பார்மரிலிருந்து நேரே வருகிற இன்கமர்.
நானூற்றுப் பதினைந்து வோல்ட்.
பக்கத்து அறை முப்பத்துமூவாயிரத்துக்கு
இது பொடியன் என்போம்.
ஸ்டிக்கரில் முப்பத்தொன்று.
455 மி.மீ. தூரத்தில்.

டேப்பை எடுக்கவில்லை.
முழங்கையை மடக்கி பேனலில் ஊன்றினேன்.
நடுவிரல் நுனிவரை
சரியாக ஒரு முழம்.

போன நோன்பு மாதம், இரவு இரண்டரை மணி,
இதே கதவைத் திறந்தேன்.
கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் மேல் போன்.
ஷட்டவுன் கேட்டால்
காலையில் காகிதத்தில் காரணம் கேட்பார்கள்.
அரைக்கை பாலியஸ்டர் சட்டை.
ஒரே ஒரு போல்ட். தளர்ந்திருந்தது.
முறுக்கினேன், இறுகியது.
ஸ்பேனர் வழுக்கவில்லை.
கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனோம்.

போனோம்.

புல்மான் இருந்தான்,
என் ஹெல்ப்பர், நேபாளத்துப் பையன்,
டார்ச் பிடித்துக்கொண்டு.

ஸ்டிக்கரின் கடைசி வரி:
எல்லை, மூன்று மீட்டர் இருபது.
இப்போது டேப்பை எடுத்தேன்.
தரையோடு இழுத்துக்கொண்டே போனால்
எதிர்வரிசையைச் சுற்றி
கதவு நிலைக்கு வந்து நிற்கிறது.

அங்கேதான் நின்றான் முதலில்.
ஏதோ பயம், உள்ளே வரவில்லை.
வெளிச்சம் எட்டவில்லை.
நஸ்தீக் ஆ, என்றேன்.
இரண்டாம் தடவை அதட்டினேன்.
வந்தான்.
என் தோளில் அவன் மூச்சு பட்டது,
வெங்காய வாசனையோடு.

இப்போது மஸ்கட்டில் ஏதோ ஹோட்டல் லாண்டரியில் இருக்கிறான்.
நம்பர் இருக்கிறது.
என்னவென்று சொல்ல?
எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது.

ஸ்டிக்கர் லேசாகச் சாய்ந்துவிட்டது.
உரித்தால் கிழியும்.
முப்பத்துநாலு பாக்கி.