ஏழாம் அறை

எல்ல விடுதியில் அறை கூட்டும் சசிரேகா
ஏழாம் அறையில் கிடந்ததென்று கொண்டுவந்தாள்
பாதி தீர்ந்த வெயில் கிரீம்.
எழுத்து எந்த நாட்டுப் பாஷையோ,
சூரியன் படம் மட்டும் புரிந்தது.

மூக்கில், கன்னத்தில், பிடரியில் பூசி
ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.
"மூடுபனி இன்னும் உன் மூஞ்சியவிட்டுப் போகலியே"
என்றான் கங்காணி. சிரித்தார்கள். நானும்.

புறங்கையிலும் பூசியதுதான் பிழை.
கொழுந்து மடுவத்தில் தராசுக்காரர்
கைப்பிடி இலையை முகர்ந்து பார்த்து
"இதென்ன, கல்யாண வீடா?" என்றார்.
இரண்டு கிலோ கழித்தார்.

இப்போது கைக்கு
வீட்டுக்காரரின் பழைய கால்மேஸ், நுனி வெட்டி,
முழங்கைவரை.
முகத்துக்கு மட்டும் ஏழாம் அறை.

நேற்று டியூபைக் கத்தியால் பிளந்து வழித்தேன்.
மகளின் காதுமடல்களுக்குப் போதுமாயிருந்தது.
பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி,
மைதானத்தில் ஒரு மரமில்லை.