ஏழாம் பந்தி

"அப்பாவைப் பற்றி ஒரு பந்தி
வடிவாய் எழுதுங்கோ" என்கிறார்
ஸ்காபரோவிலிருந்து கட்சிக்காரர்.
எண்பது வயது. பின்னால் பனி அள்ளும் சத்தம்.
நான் முல்லைத்தீவு நீதிமன்றுக்கு எதிரே
போட்டோப்பிரதிக் கடையில்
வியர்த்துக்கொண்டு நிற்கிறேன்,
அவருடைய தகப்பனின் உறுதிக்கட்டைக்
கக்கத்தில் இடுக்கியபடி.

முள்ளியவளையில் மூன்று ஏக்கர், ஒரு கல்வீடு,
பதினொரு மாமரம்.
இப்போது முன்வாசலில் காவலரண்.
மாங்காயை உப்பில் தொட்டுத் தின்னும் சிப்பாய்க்கு
மீசை இன்னும் சரியாய் முளைக்கவில்லை.
காணியை மீட்டுத் தருமாறு மனு.

சத்தியக்கடதாசி எழுதுகிறேன்.

ஒன்று: பிறக்கிராசி ஆழ்வாப்பிள்ளை,
விதானையாரின் மூன்றாம் மகன்.
இரண்டு: முதல் வழக்கு எருமைக் களவு.
இரண்டு பேர் உரிமை கேட்ட எருமையை
மன்று முற்றத்தில் அவிழ்த்துவிடச் சொன்னாராம்,
உரியவனிடம் தானாய்ப் போகும் என்று.
அது நீதவானின் பூச்சாடியைத் தின்றது.
ஆனாலும் வென்றார்.
(இதை எழுதி, வெட்டிவிட்டேன்.)

கூலி: நெல், தேன், வற்றல் இறைச்சி.
ஒட்டுசுட்டான் சேற்றில் புதைந்த ஒஸ்டின் கார்.
நாற்பத்தேழில் தேர்தல்; வென்று கொழும்பு;
பாராளுமன்றக் காரியதரிசி.
புதிய தேசத்தின் மை காயாத கோப்புகளில்
நாணற் பேனாவால் ஒப்பமிட்ட
வன்னியின் ஒரே கை.

ஆறாம் பந்தியோடு நிற்கிறேன்.

நாற்பத்தெட்டு ஆவணி.
தேசத்துக்கு ஆறு மாதம்,
பல்லு முளைத்து
எதையாவது கடிக்கத் தேடும் பருவம்.
தேயிலை மலையில் உள்ளவர் யாவர்,
இந்த நாட்டார்தானா என்றொரு சட்டமூலம்.
ஹன்சார்ட்டைப் புரட்டினேன்.
'ஆம்' என்ற நிரலில்
அவர் பெயர்
அச்சுப்பிழை ஒன்றும் இல்லாமல்.

மகன் அனுப்பிய நாட்குறிப்பில்
அன்றைய பக்கம்:
"வெயில். தலையிடி. இரவு பிட்டு.
மருதங்கண்டல் குளத்துத் துருசுக்குப்
பணம் வரும் என்றார்கள்."
அவ்வளவுதான்.
காரணம் எழுத மறந்தாரா,
எழுதியதே காரணமா?

எட்டு வருடத்தில்
அதே மண்டபத்தில்
அவருடைய மொழிக்கும் கதவைக் காட்டினார்கள்.
அன்று 'இல்லை' என்ற நிரலில் இருந்தார்.
பிறகு ஊர் திரும்பி
நரைத்த கறுப்புக் கோட்டோடு
வேலி வழக்குகள்.

என் அப்பா பிறந்தது
நாற்பத்தொன்பதில், மஸ்கெலியா லயத்தில்.
எந்த நாட்டிலும் பிறக்கவில்லை.
எழுபத்தேழில், எரிந்த லயத்திலிருந்து
லொறியேறி வன்னிக்கு வந்தார்.
பிரசாவுரிமைச் சான்றிதழ் கிடைத்தபோது
ஐம்பத்துநான்கு வயது.
அதைப் பொலித்தீனில் சுற்றி
இடுப்பில் கட்டிக்கொண்டுதான்
நந்திக்கடலைத் தாண்டினார்.
எங்களை அல்ல, அதை
இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

அவருக்குக் கூலி தந்த வயல்
மருதங்கண்டல் குளத்தின் கீழ்.
நான் சட்டம் படித்த செலவு
அந்த வாய்க்காலில் ஓடி வந்தது.

இதை எந்தப் பந்தியில் போடுவது?

நேற்று அந்தியில்
மண்வெட்டியால் மடை திறந்துகொண்டே கேட்டார்:
"யாரு கேசும்மா இப்ப?"
ஆழ்வாப்பிள்ளை என்றேன்.
நெற்றியைச் சுருக்கினார்.
"யாரு அவரு?"
நாக்கு நுனிவரை
ஹன்சார்ட்டின் பக்க எண் வந்தது.
தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றிப் போனது.
"குளத்துக்குத் துருசு வச்சவரு, அப்பா."

மடையைப் பார்த்தார்.
"நல்ல மனுசன்.
காசு கொறச்சு வாங்கும்மா."

ஏழாம் பந்தி:
மேற்படி ஆழ்வாப்பிள்ளை