தொண்ணூற்று நான்கு

மூன்றாம் முறையும் தொண்ணூற்று நான்கில் நின்றது.
முதலில் கேபிள் என்றேன்.
பெருமாநல்லூர் ரோட்டில் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள்,
எதற்கும் பழிபோடத் தோதான பள்ளம்.
அப்புறம் எலி என்றேன்.
சுவரோரம் வயரை முழம் முழமாகத் தடவிப் போனேன்.
பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது, பல்தடம் இல்லை.

எம்ப்ராய்டரி மெஷின்
இருபது தலைகளோடும் சும்மா நிற்கிறது.
கைக்குழந்தைச் சட்டை, நெஞ்சில் ஒரு கிளி.
புது மென்பொருள் இறங்கினால்தான் கிளியின் ஃபைல் திறக்கும்.
வியாழக்கிழமை தூத்துக்குடிக்குக் கண்டெய்னர்.

"ஏனுங் அம்மிணி, அந்த ஃபயர்வாலு தானுங்களே?
அதைய அணைச்சுப்போட்டு எறக்குங்க,
பொறகு போட்டுக்கலாம்"
என்கிறார் ராக்கியண்ணன்,
டீ கிளாசை யூபிஎஸ் மேல் வைத்தபடி.

அணை.
விளக்குக்கும் அடுப்புக்கும் சொல்வது.
பவானிசாகரில் ஒரு ஆற்றையே நிறுத்தி வைத்திருப்பதற்கும்
அதுதான் பேர்.

நான் பதில் சொல்லவில்லை.
தேதி பார்த்தேன், டிஸ்கில் இடம் பார்த்தேன்,
ஆன்ட்டிவைரஸைக் கொஞ்சநேரம் உட்காரச் சொன்னேன்.
தொண்ணூற்று நான்கு.

நைட் ஷிப்ட் நிரஞ்சன், கேந்திரபாடாக்காரன்,
மெஷின் நின்றால் பீஸ்ரேட்டும் நின்றுவிடுகிறவன்,
போனை நீட்டினான்: "அக்கா, என் நெட் எடு."
அன்றைய ஒன்றரை ஜிபியில்
படம் பார்த்தது போக மிச்சம் முழுக்க.
தொண்ணூற்று நான்கு,
ஐந்து,
ஆறு,
ஏழில் அவன் டேட்டா தீர்ந்தது.
போதும். தெரிந்துவிட்டது.
சுவர் எங்களுடையது.

பதிவேட்டைத் திறந்து கீழே கீழே போனேன்.
விதி பதினேழு:
ஒரு ஜிபிக்கு மேல் எது இறங்கினாலும் வெட்டு.
எழுதியவர்: நவமணி.
நேரம்: அதிகாலை மூன்று நாற்பது.
குறிப்பு: தற்காலிகம்.

நவமணி நான்தான்.
இரண்டு வருஷம் முந்தி அந்த ராத்திரி
எல்லா டிசைனும் பூட்டிக்கொண்டு, திரை சிவப்பாகி,
எவனோ பணம் கேட்டான்.
கொடுக்கவில்லை. நாற்பது நாள் உட்கார்ந்து
ஒவ்வொரு பூவாக மறுபடி வரைந்தோம்.
பயந்த கை எழுதிய விதி இது.
வந்த திருடன் என்னவோ
இருநூறு கேபி பில் ஒன்றுக்குள்தான் வந்தான்.
நான் பெரிய ஆட்களை மட்டும் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அணைக்கவில்லை.
மதகை ஒரு சாண் தூக்கினேன்:
இந்த ஒரு முகவரிக்கு, இந்த ஒரு கணினிக்கு,
இன்று நாலு மணி வரைக்கும்.
முறைத்தண்ணி மாதிரி.

"அணைச்சாச்சுங்களா?"
"இல்லீங்க."
அவர் கிளாசை எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்று ஐந்தில் யாரும் பேசவில்லை.
நூறில் நிரஞ்சன் பச்சை நூல்கண்டை மாட்டப் போய்விட்டான்.
அவன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன்,
குறிப்புப் பெட்டியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது,
'தற்காலிகம்' என்று எழுதக் கை போனது,
எடுத்துக்கொண்டேன்.

ஃபைல் திறந்தது.
கிளிக்குக் கண் வரவில்லை.
அதற்கு ஃபயர்வாலைச் சொல்ல முடியாது.