ஞாயிறு ஏழு மணி

ஒப்பந்தத்தில் இருப்பது என் பெயர் மட்டும்.
இணைப்பு ஒன்று. கணினி பதினொன்று.

கலாட்ஸ் நகரம், எஃகு ஆலைக் குடியிருப்பு,
பத்து மாடி, லிஃப்ட் ஓடாது.
என் செருப்பு அலமாரியின் மேல்
பதினாறு துளையுள்ள ஒரு தகரப் பெட்டி.
அதிலிருந்து கிளம்பும் கேபிள்கள்
சுவரைத் துளைத்து, பால்கனி தாண்டி,
முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்களுக்கு மேலாக
துணிக்கொடியோடு துணிக்கொடியாகத் தொங்கி
மேலும் கீழும் போகின்றன.
ஒன்று வால்நட் மரத்தில் கால் ஊன்றி
எதிர்க் கட்டடத்துக்கே போய்விட்டது.
இழுத்தவர் யாரென்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.
பணம் மட்டும் மாதா மாதம்
பெயரில்லாத உறையில் வந்து விழுகிறது.

நான் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதுபவள்.
பங்கு பிரிக்கத் தெரியும் என்றிருந்தேன்.
ரொட்டி என்றால் வெட்டலாம்.
வேகத்தை எந்தக் கத்தியால் வெட்டுவது?
ஒருவர் தூங்கினால் இன்னொருவருக்குக் கூடுகிறது,
இருவர் விழித்தால் எல்லோருக்கும் குறைகிறது.
என் பேரேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

பெட்டியின் முகத்தில் பச்சைப் புள்ளிகள்.
ஆறாவது துடித்தால்
டாக்சி ஜிக்கு வீடு வந்தாயிற்று.
ஒன்பதாவது, மால்டோவா மாணவர்கள் இருவர்.
விடிய விடியப் பரீட்சைக்குப் படிக்கிறார்களாம்;
பரீட்சையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.
நான்காவது, பல் டாக்டர் ஹொராட்ஸியு,
விவாகரத்துக்குப் பிறகு
இரவு இரண்டுக்கு மேல்தான் மின்னுவார்.
நான் பார்ப்பதில்லை.
பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

சட்டம் என்று ஒன்றுதான் எழுதி
லிஃப்ட் கதவில் ஒட்டினேன்.
அங்கேதான் எல்லோரும்
ஒரு நிமிடமாவது நம்பிக்கையோடு நிற்பார்கள்.
ஞாயிறு ஏழு முதல் எட்டு வரை
யாரும் எதையும் இறக்கக் கூடாது.
அது எட்டாம் மாடி ஸம்ஃபிராவின் மணி.
மகள் ருக்ஸந்திரா ஸ்பெயினில், காஸ்டெயோனில்,
பெட்டி பெட்டியாக ஆரஞ்சு அடுக்குகிறாள்.
மூன்று கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஏழு பத்து.
வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டு.
படம் உறைந்துவிட்டது என்று பொருள்.
ஏறினேன்.
டாக்டர் வாயில் சூப்போடு கதவைத் திறந்தார்,
திரை இருட்டு.
ஜிக்கு தன் இன்ஜின் மேல் சத்தியம் செய்தான்.
மாணவர்கள் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தார்கள்;
அதைத்தான் நம்ப முடியவில்லை.
மூன்று தளம், ஐந்து கதவு,
ஐந்து இடத்திலும் கத்தினேன்.
மூச்சு வாங்க வீடு திரும்பினால்
பெட்டியில் ஒரே ஒரு புள்ளி
இமைக்காமல் எரிகிறது.
முதலாவது.
என் வீடு.

லிவியு குளித்துக்கொண்டிருக்கிறான்.
அவன் கணினியில் ஏதோ ஒரு படம்,
தொண்ணூற்றொரு சதவீதம்.
வேலியே மேய்ந்த பயிர்.
கேபிளைப் பிடுங்கினேன், கை எரிந்தது.

எட்டாம் மாடிவரை மன்னிப்பை
மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.
ஸம்ஃபிரா திரும்பவில்லை.
திரையில் மகள், வாய் பாதி திறந்து,
கூந்தலை ஒதுக்கப் போன கை
பாதி வழியில்.
"இப்போது சரியாகிவிடும்,
மறுபடி அழைக்கச் சொல்லுங்கள்" என்றேன்.
"உஷ். ஆடிக்கொண்டேதான் பேசுவாள்.
இன்றைக்குத்தான் நிற்கிறாள்.
இடது காதுக்குக் கீழே பார்.
இந்தத் தழும்பு எனக்குத் தெரியாதே?"

குனிந்தேன்.
முகமே சதுரம் சதுரமாக இருந்தது.
காதுக்குக் கீழ் ஒன்று மட்டும் கருப்பாக.
தழும்பா,
இல்லை, என் மகனின் படம் தின்றதால்
வந்து சேராமல் போன
ஒரு துண்டா?

அழைப்பு மணி அடித்தது.
ஸம்ஃபிரா எடுக்கவில்லை.
இரண்டாம் தடவை அடித்தது.
நான் இன்னும்
அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.