உப்பில்லாத குழாய்

பாம்பன் பாலம் தாண்டி வந்த மாதிரி.
சீட்டில் கோணல் எழுத்து:
நம்புத்தாய், 46, சின்னப்பாலம்,
இடது கணுக்கால், கொப்புளத்து நீர்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
'வீடு' என்று எழுதி, அடித்து,
மேலே 'பாசி' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த அடித்தல்தான் என் கையை நிறுத்தியது.
பாசி என்றால் கடலுக்குள் இடுப்பளவு,
பார் கீறிய கால்,
அப்படியென்றால் குளிர்பெட்டியின் மேல்தட்டில்
மாதக்கணக்கில் யாரும் கேட்காத
அந்தப் பச்சைத் தட்டு.

முதலில் சில்லு.
ஊதா, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு.
ஸ்பிரிட் பட்டும் ஊதாவை விடாத கூட்டம் ஒன்றுண்டு.
இது விட்டுவிட்டது.
எண்ணெய்ச் சொட்டின் அடியில்
சிவந்து, சற்றே வளைந்து,
சீழணுக்களுக்கு நடுவே காற்புள்ளிகள்.
காலில் காற்புள்ளி என்று
சிரிக்க வந்ததை விழுங்கி
வார்டுக்கு போன் போட்டேன்.

"உறுதியா?" என்றார் டாக்டர் ஃபெலிசிட்டா.
"காற்புள்ளி வரைக்கும் உறுதி.
வாக்கியம் நாளைக்கு."
"நாளைக்குள்ள முட்டிக்கு ஏறிடும்."
போனை வைக்காமலே
மருந்து ஏற்றச் சொல்கிற குரல்.

இரவு கச்சான் காற்று. இரண்டு முறை கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
இன்குபேட்டர் கதவில் சாய்ந்து நின்றேன்,
என் முதுகுச் சூடு ஏதோ உதவும் என்பதுபோல.
பக்கத்து ஸ்டாண்டில்
உச்சிப்புளி ஆடுமேய்ப்பவரின் பூஞ்சைப் பாட்டில்:
கருவேல முள் குத்திய பாதம்,
மூன்றாவது வாரம்,
இன்னும் சாம்பல் பஞ்சு, பெயரில்லை.
அதற்கு அவசரமே கிடையாது.

காலையில் தட்டு மஞ்சளாகவில்லை.
மஞ்சள் என்றால் காலராவோ என்று ஊரே ஓட வேண்டியிருக்கும்.
பச்சை மேல் பச்சையாகக் கூட்டங்கள்.
தாளில் தேய்த்தேன். பத்து எண்ணுமுன் கருநீலம்.
பிறகு உப்புக் குழாய்கள்:
மூன்று சதத்தில் கஞ்சிபோல் கலங்கல்,
ஆறில் லேசாக,
எட்டில் இல்லை.
உப்பே இல்லாத குழாய்
குடிக்கலாம்போலத் தெளிந்திருந்தது.

விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று அடித்தேன்.
ஒருமுறை எழுத்து தப்பி, திரும்ப அடித்தேன்.

பத்தொன்பதாம் நாள் கம்பு ஊன்றி வந்தாள்.
இரண்டு விரல் போயிருந்தது, கால் இருந்தது.
"என்னயக் கடிச்சதப் பாக்கணும்."
"அவிச்சுக் கொட்டியாச்சு."
"அடப்பாவமே," என்றாள், அதற்காகவா
விரல்களுக்காகவா தெரியவில்லை.
காலிக் குழாய்களைக் காட்டிச் சொன்னேன்,
உப்பில்லாத தண்ணியில அது பிழைக்காதென்று.
"என் மவனயும் திருப்பூருக்கு அனுப்பிப் பாத்தேன்,
மூணே மாசம்,
எலும்பாத் திரும்பி வந்தான்."

பிறகு கட்டுப்போட்ட பாதத்தைக் குனிந்து பார்த்து,
"எப்பத் தண்ணியில எறங்கலாம்?"

நான் வார்டு இருக்கும் பக்கம் கை காட்டினேன்.