இரண்டு கட்டு

ஒட்டுசுட்டான் தாண்டி ஒரு வளைவு.
கிரவல் சறுக்கி விழுந்தேன், எழும்பி ஓடினேன்.
முழங்காலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு தோல் போயிருந்தது.
மாங்குளத்தில் அதற்கு வந்த கூட்டம்!
டெற்றோல், துவாய், சோடா,
போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பொடியன்.
"பிள்ளை ரத்தத்தோட ஓடி முடிச்சிருக்கு"
ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது.
வெள்ளையாய் ஒரு கட்டுப் போட்டு
நாலாம் இடத்துக்குக் கை தட்டினார்கள்.

மற்றக் கட்டைப் பற்றி
ஒருவருக்கும் சொல்லவில்லை.
சீற்றில் உரசி உரசி
மாசியில் அரும்பினது,
பங்குனி வெயிலில் பழுத்தது.
கடைசிப் பதினைந்து கிலோமீற்றரும்
இருக்க ஏலாமல் எழும்பி நின்று மிதித்தேன்.
"என்ன ஒரு வேகமடா" என்றார் குலவீரசிங்கம் சேர்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி.
காய்ச்சல் நூற்றிரண்டு.
"எங்க நோகுது?"
திரைக்கு அந்தப் பக்கம் அப்பா.
முழங்கால் என்றேன்.
ஆறத் தொடங்கின முழங்கால்
பாவம், திரும்பவும் கழுவுப்பட்டது.

"கதிரையில இருங்கோ" என்றா நேர்ஸ் துஷாளினி.
நான் நின்றேன்.
கொஞ்சநேரம் பார்த்தா.
ஒன்றும் கேட்காமல்
திரையை இன்னும் இழுத்து மூடினா.
அப்பாவைப் பனடோல் வாங்க அனுப்பினா.

நேற்று இரவு
சீற்றின் நடுவை பிளேட்டால் நீளமாய்க் கீறி
ஒரு பிடி பஞ்சை வெளியே எடுத்தேன்.
சித்திரைக் கடைசியில் பரந்தன் ஓட்டம்.
கறுப்பு ரேப்பைச் சுற்றிக்கொண்டிருக்க
தம்பி வந்து கேட்டான்,
சீற்றுக்கு என்னக்கா?

கட்டு, என்றேன்.