காற்று தின்ற பாதி

அக்கரை மேட்டில் ஏழு நாள் கதை.
பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் சேர்க்கிறார்கள்.
பண்டிதர் சொல்வதில் பாதி எனக்கு வரும்,
பாதியைக் காளி கண்டகியின் காற்று தின்றுவிடும்.

"மனம் என்பது" என்கிறது ஒலிபெருக்கி.
காற்று.
"...ஆகவே விடாமல் கட்ட வேண்டும்."
எதை எதோடு என்று கேட்கவில்லை.
நான் பன்னிரண்டாம் தொங்குகம்பியில் இருக்கிறேன்.
ஸ்பேனரைப் போட்டு இன்னும் கால் சுற்று.
வெயிலில் தளரும், பனியில் இறுகும்,
கோவேறு கழுதைகள் வரிசையாகப் போய்விட்டால்
நேற்று முடுக்கியதே பொய் என்பதுபோல் ஆடும்.
மனம் என்று அவர் எதைச் சொன்னாரோ,
மாதம் இருமுறை முடுக்க வேண்டியதாகத்தான் இருக்கும்.

பாலத்தின் தலைமாட்டில் ஒரு பளிங்குக்கல்.
அமைச்சர் பெயர், பொறியாளர் பெயர்,
பணம் கொடுத்த அயல்நாட்டின் கொடி.
தன்மாயா புலாமி அதில் இல்லை.
முதல் வருடம் அதைக் கடக்கும்போதெல்லாம்
வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.
இப்போது அதன்மேல் சோற்று டப்பாவை வைக்கிறேன்.
நல்ல மட்டமான கல்.

ஞானமெல்லாம் இல்லை.
தசைன் பண்டிகை முடிந்து போக்ராவிலிருந்து ஒரு பையன் வந்தான்,
நான் கயிற்றில் தொங்குவதைப் படம்பிடித்துப் போட்டான்.
இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம்.
கத்தாரிலிருந்து மகன் அழைத்தான்: "அம்மா, நீ பிரபலம்."
மறுநாள் முழுக்க
என் கை முடுக்குவதை நானே
எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
சிவப்புத் தலைத்துணி நன்றாகத் தெரிகிற பக்கமாக.
இரவு படுத்த பிறகுதான் விரல்கள் எண்ணிச் சொல்லின:
பத்தொன்பதை விட்டுவிட்டாய்.

டார்ச்சோடு போனேன். பனி.
பத்தொன்பதாம் நட்டு விரலுக்கே சுழன்றது,
ஆடுகிற பால்பல்லைப் போல.
முடுக்கினேன். எவரும் பார்க்கவில்லை.
திரும்பி வரும்போது நானும் பார்க்கவில்லை.

"பலனை" என்கிறது ஒலிபெருக்கி இன்று.
காற்று.
"...தேநீர் தயாராக இருக்கிறது, பக்தர்களே."
இது புரிந்தது.

மாலை. ஏழாம் நாளும் முடித்துப் பண்டிதர் வருகிறார்.
காணிக்கையாக வந்த செருப்பு புதுசு, வழுக்குகிறது.
நான் தளத்துக்கு அடியில் தொங்குகிறேன்.
ஏழு நாளும் நடுங்காத குரல்
ஆற்றுக்கு நடுவே நடுங்குகிறது.
இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றிக்கொண்டு
காற்றையோ யாரையோ கேட்கிறார்:
"இந்தப் பாலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

ஆறு வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.
பற்களுக்கிடையே ஒரு நட்டு.
வாயைத் திறந்தால் ஆற்றில் விழும்,
அடுத்தது பேனி பஜாரிலிருந்து வர வேண்டும்.

தலைக்கு மேலே இரும்புத் தகடு அதிர்கிறது.
நிற்கிறது.
பிறகு ஓர் அடி, இன்னோர் அடி.